நாற்பத்தேழு கம்பிகள்

பழங்காநத்தம்,
மதுரை.
8.3.1981

அன்புள்ள அன்னக்கொடிக்கு,

வெள்ளைத்துரை எழுதுவது. நான் நலம். நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். உன் பம்பாய் முகவரியை உன் அப்பாவிடம் வாங்கினேன். அதற்காக மாமாவைக் கோபித்துக்கொள்ளாதே. நீ போன இரண்டு வருஷத்தில் நான் எழுதும் முதல் கடிதம் இது. பாதியில் கிழித்துப் போடாமல் கடைசிவரை படி.

மாமாவுக்கு ஐப்பசியில் இடது கண்ணில் புரை எடுத்தாயிற்று. இப்போது பார்வை தெளிவாக இருக்கிறது. கீழக்குயில்குடியில் தனியாக இருக்க வேண்டாம், என்னோடு வாருங்கள் என்றேன். "எனக்கு நானே பொங்கித் திங்கிறேன் மாப்ள" என்கிறார். கொடைக்கானல் பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்குச் சமைத்துப் போட்டவரிடம் நான் என்ன சொல்ல? ஞாயிறுதோறும் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.

கண்ணில் கட்டு இருந்தபோது உன் கடிதம் ஒன்று வந்தது. "அவ என்ன எழுதிருக்கான்னு வாசிங்க" என்று என்னிடம் நீட்டினார். நீ ஹோட்டல் ஜாஸ் குழுவில் வாசித்துக்கொண்டிருக்கிறாய் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லிக்கொடுத்துப் பிழைக்கிறாய் என்பது அன்றுதான் தெரிந்தது. குழுவின் மாஸ்டர் பார்க்கும்போதெல்லாம் ஹார்ப் எங்கே என்று கேட்கிறார், சித்திரையில் பெரிய கச்சேரி இருக்கிறது, ஊரிலிருந்து கொண்டுவர முடியவில்லை என்று சொல்லிச் சமாளிக்கிறேன் என்று எழுதியிருந்தாய்.

நான் செய்ததை அவரிடமும் நீ சொல்லவில்லை, பெற்ற தகப்பனிடமும் சொல்லவில்லை. அதற்கு மேல் என்னால் வாசிக்க முடியவில்லை. நானே மாமாவிடம் சொன்னேன். நீ பம்பாய் கிளம்புவதற்கு முதல் நாள், நீ டிக்கெட் எடுக்கப் போயிருந்த நேரத்தில், உன் ஆளுயர ஹார்ப்பின் நாற்பத்தேழு கம்பிகளையும் கட்டிங் பிளேயரால் அறுத்தேன். ஆத்திரம் தீராமல் அடியில் இருந்த பெடல்களில் இரண்டை மிதித்து உடைத்தேன் என்று சொன்னேன். அவர் என் கையிலிருந்த கடிதத்தை வாங்கி மடித்தார். பிறகு, "கொடைக்கானல் பாட்டு டீச்சரம்மா சீமைக்குத் திரும்புறப்ப அந்த ஹார்ப்ப எம்புட்டுப் பேர் கேட்டாக. யாருக்கும் குடுக்காம எம் மகளுக்குத்தான் குடுத்துட்டுப் போனாக" என்றார். வேறு ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

ஹோட்டலில் குடிக்கிறவர்கள் முன்னால் என் பெண்டாட்டி வாசிப்பதா என்று அன்று கத்தினேன். அது ஊருக்குச் சொன்ன காரணம். நீ ஹார்ப்பைத் தோளில் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டால் நான் வீட்டுக்குள் வந்தது கூட உனக்குத் தெரியாது. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. இதை யாரிடமும் சொன்னதில்லை.

மாமாவிடம் சொன்ன மறுநாளே, வீட்டில் கிடந்த ஹார்ப்பை ஆரப்பாளையத்தில் எங்கள் லேத் பட்டறைக்குத் தூக்கிப் போனேன். உடைந்த இரண்டு பெடல்களையும் பித்தளையில் கடைந்தேன். மூன்று தடவை பொருந்தவில்லை, நாலாவது தடவை பொருந்தியது. கம்பிக்காகக் கொடைக்கானல் போய், இப்போதைய இசை டீச்சர் ஹெலனைப் பார்த்து நடந்ததை மறைக்காமல் சொன்னேன். பழைய டீச்சர் விட்டுப்போன பெட்டியில் பாதிக் கம்பிகள் இருந்தன. மீதி வெளிநாட்டிலிருந்து வர மார்கழி ஆகிவிட்டது. ஹெலன் டீச்சர் இரண்டு சனிக்கிழமை பஸ் பிடித்து வந்து கட்டிக் கொடுத்தார்.

வந்தபோது ஒரு கேசட்டும் கொண்டுவந்தார். ஹார்ப் சேர்ந்த ஜாஸ். முதலில் சாக்சபோனும் டிரம்ஸும்தான் கேட்டன. இதில் ஹார்ப் எங்கே என்றேன். "கொஞ்சம் பொறுங்க" என்றார். சாக்சபோன் நின்ற இடத்தில் அது வந்தது. சர்ச்சில் வாசிக்கிற மாதிரி இல்லை. ஏதோ கேட்க வந்து பாதியில் நிறுத்தியது போல் இருந்தது. டிரம்ஸ் அடங்கி அதற்கு வழி விட்டது. பியானோவுக்குக் கறுப்புக் கட்டைகள் இருக்கின்றன, ஹார்ப்பில் அந்தச் சுரங்களைக் காலால்தான் மாற்ற வேண்டும், ஜாஸில் நொடிக்கு நொடி மாறும், அதனால்தான் இதைத் தொட நிறையப் பேர் பயப்படுகிறார்கள் என்று டீச்சர் விளக்கினார். அடுப்பு முன்னால் நிற்கும்போது கூட நீ காலை மாற்றி மாற்றி அழுத்திக்கொண்டிருப்பாய். கிறுக்குப் பிடித்துவிட்டதா என்று கேட்டிருக்கிறேன். நீ பழகிக்கொண்டிருந்திருக்கிறாய்.

புதுக் கம்பி நிலைக்காது, தினமும் சுருதி இறங்கும் என்றார் டீச்சர். பஜனை மடத்து ஆர்மோனியத்தை இரவல் வாங்கி, அவர் எழுதிக் கொடுத்தபடி நாற்பது நாள் சாயங்காலம் உட்கார்ந்து ஒவ்வொரு கம்பியாகத் திருகினேன். முதல் வாரம் எனக்கு ஒன்றுமே பிடிபடவில்லை. பிறகு எது சேர்கிறது, எது சேரவில்லை என்று காது சொல்ல ஆரம்பித்தது. பெண்டாட்டியை விரட்டிவிட்டு அவள் வீணையைத் திருகிக்கொண்டிருக்கிறான் என்று தெருவில் பேசுகிறார்கள். பேசட்டும். உண்மைதானே.

நேற்று ஹார்ப்பை ரயில் பார்சலில் போட்டுவிட்டேன். பலகைப் பெட்டிக்குள் அசையாமல் இருக்க நம் மெத்தையைப் பிரித்துப் பஞ்சு முழுவதையும் அடைத்திருக்கிறேன். எனக்குப் பாய் போதும். ரயில்வே ரசீதை இதோடு வைத்திருக்கிறேன். அதைக் காட்டினால் பார்சல் ஆபீசில் கொடுப்பார்கள். கனம் அதிகம், நீ தூக்காதே, இரண்டு ஆள் வைத்துக்கொள். சித்திரைக்குள் உன் கைக்கு வந்துவிடும்.

ஊருக்கு வா என்று எழுத எனக்கு யோக்கியதை இல்லை. எழுதவும் மாட்டேன். யார் முன்னால் வாசித்தாலும் நிமிர்ந்து உட்கார்ந்து வாசி. உன் விரலுக்கும் காலுக்கும் ஒரு குறையும் வரக்கூடாது என்று கும்பிட்டுக்கொள்கிறேன்.

பெட்டியைத் திறந்ததும், அந்த மாஸ்டரிடம் காட்டுவதற்கு முன்னால், நீ தனியாக ஒரு தடவை வாசித்துப் பார். எங்காவது பிசகியிருந்தால் எந்தக் கம்பி என்று ஒரு கார்டு போடு. எல்லாம் சரியாக இருந்தால் எழுத வேண்டியதில்லை.

எழுதினாலும் நல்லதுதான்.

இப்படிக்கு,
வெள்ளைத்துரை