பாதியில் நின்ற கொடி

ஜூலை 9, புதன். காற்று. மழை இல்லை.

இன்று எழுத வேண்டியவை:
1. கொடி.
2. சனிக்கிழமை வாக்கெடுப்பு.
3. இந்த வீட்டு வரிசையில் என்னை ஒருவரும் கவனிப்பதில்லை. நல்லது.

மகள் வாசுகியும் மருமகனும் காலையில் லோறென்ஸ்கூக் நகருக்குப் போய்விட்டார்கள், வேலைக்கு. வெள்ளி மாலைவரை இந்தக் கடற்கரை மரவீட்டில் நான் தனியே. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒஸ்லோப் பணக்காரர் கடல் குளிக்க வந்த இடம். அவர்களுடைய சந்ததிதான் இன்றும் அயல். புதிதாக வந்த எங்களைக் குளியல் சங்கத்தில் சேர்ப்பதா என்று சனிக்கிழமை கை உயர்த்துவார்கள். வாசுகிக்கு இரண்டு வருடக் கனவு.

போகும்போது சொன்னாள்: "அப்பா, ஆள் இருக்கிற வீடெல்லாம் கொடி ஏத்துவினம். நீங்களும் ஏத்துங்கோ. ஆனா ஒன்பது மணிக்கு முதல் இறக்கிப்போடுங்கோ, இல்லாட்டிக் கதைப்பினம்."

ஏற்றினேன். பாதியில் கயிறு சிக்கிவிட்டது. மேலேயும் போகாது, கீழேயும் வராது.

மாலை 8.40. இன்னும் தொங்குகிறது. வெட்கத்தில் யன்னல் திரைகளை எல்லாம் மூடிவிட்டேன்.

ஜூலை 10, வியாழன். மேகம்.

மருந்து 2. பாண் ஒரு துண்டு. வெளியே இறங்கவில்லை. திரை இடுக்கால் பார்த்தேன். சங்கத் தலைவி இங்கர் வேலியோரம் நின்று கொடியையே பார்க்கிறார். பக்கத்து வீட்டுக் கிழவர் வந்து தொப்பியைக் கழற்றினார். வெக்கையாக்கும். கதவு தட்டல். மூச்சுக் காட்டவில்லை. பிறகு தொலைபேசி, தெரியாத இலக்கம், மூன்று தரம். அணைத்துவிட்டேன்.

பிள்ளையின் காரியத்தை நானே கெடுத்துவிட்டேன்.

ஜூலை 11, வெள்ளி. வெயில்.

வாசற்படியில் வெள்ளைப் பூக்கள். யார் வைத்தது, ஏன்? எச்சரிக்கையோ?

11.20. கார்ச் சத்தம். வாசுகி அழுதுகொண்டு ஓடி வந்தாள், பின்னால் இங்கர்.

"அப்பா! உயிரோட இருக்கிறியளே!"

"ஓம் பிள்ளை. கயிறுதான்..."

"அரைக்கம்பத்தில கொடி, மூடின திரை, போனும் இல்லை! நீங்கள் செத்துப்போனியள் எண்டு இந்த மனுசி போனில ஒரே அழுகை!"

ஊரில் அரச அலுவலகக் கச்சேரியில் இருந்தபோது அரைக்கம்பக் கொடிக்கு எத்தனை சுற்றறிக்கை எழுதினவன் நான். மூளை எங்கே போனது?

இங்கர் என் கையை விடாமல் ஏதோ சொன்னார். வாசுகி மொழிபெயர்த்தாள்: "ஒவ்வொரு நாளும் பத்து மணிக்குக் கடற்கரை மரவாங்கில வந்து இருக்கிற மனுசனைக் காணேல்லை எண்டு எல்லாரும் தேடினவையாம். உங்கட செத்தவீட்டுக்காகக் வாக்கெடுப்புக் கூட்டத்தையே தள்ளி வைச்சவையாம். இனி நாளைக்கே வைப்பினமாம். நீங்கள் முன்வரிசையில இருக்க வேணுமாம்."

முன்வரிசை.

புதன்கிழமை மூன்றாவதாக எழுதியது பிழை.