கிலாங் பஸ்ஸில் ஏறிய பாட்டு

அண்ணன் மகளின் கல்யாணப் பத்திரிகையை வாங்க இன்று காலை குவீன் ஸ்ட்ரீட்டில் ஓர் அச்சகத்துக்குப் போயிருந்தேன். கடைக்காரர் கட்டைப் பிரித்ததும் சரியாகக் காயாத மையின் வாடை எழுந்தது. ஒன்றை எடுத்துச் சரிபார்க்கச் சொல்லி நீட்டினார். நான் பெயர்களைப் படிக்காமல் அதை முகர்ந்துகொண்டு நின்றேன். "என்னக்கா, ஏதாச்சும் தப்பா இருக்கா?" என்றார். இல்லை என்று தலையாட்டினேன். என் கண்ணுக்கு முன்னால் நீதான் இருந்தாய். துணிக்கடைக்கு மேலே அந்தச் சின்ன அறையில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அச்சாகி வந்த கேசட் அட்டைகளை ஒவ்வொன்றாகக் கத்தரித்துக்கொண்டிருந்தாய்.

நீ எங்களை விட்டுப் போய் ஒரு தீபாவளி கடந்துவிட்டது. அந்த அறை இப்போது வெளிநாட்டுக்காரர்கள் தங்கும் விடுதியின் ஒரு பகுதி. தொண்ணூறுகளில் அங்கேதான் 'நம்ம சத்தம்' என்ற பெயரில் உன் கேசட் நிறுவனம் நடந்தது. தமிழ் ராப் பாட்டுக்கென்று பினாங்கில் ஒரு நிறுவனம், அதை நடத்துவது ஒரு பெண் என்று சொன்னால் இன்றைய பிள்ளைகள் என்னை ஒரு மாதிரி பார்க்கிறார்கள். நான் கதை சொல்வதாக நினைக்கிறார்கள்.

உனக்கு அப்போது பாயான் லெப்பாஸில் எலக்ட்ரானிக் தொழிற்சாலையில் வேலை. நாம் பேசுகிறபடி சொன்னால், கிலாங்கில் வேலை. ஒரு வரிசைப் பெண்களுக்கு நீ லீடர். நான் கெலுகோரில் பல்கலைக்கழக அலுவலகத்தில் இருந்தேன், ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பத்திரிகையில் பாட்டுகளைப் பற்றி ஒரு பத்தி எழுதிவந்தேன். ஒரு சனிக்கிழமை நீ வந்து வாசலில் மோட்டார் சைக்கிளை அணைக்காமலே கூப்பிட்டாய்.

"செபராங் ஜெயாவுல ஃப்ளாட்டுக்குக் கீழ மூணு பசங்க பாடுறானுங்க. பாடுறதுன்னு சொல்ல முடியாது, பேசுறானுங்க. ஆனா கால் சும்மா இருக்க மாட்டேங்குது. ஏறு, வா."

தீவைக் கரையோடு இணைக்கிற பாலத்தில் காற்று முகத்தில் அறைய அறையப் போனோம். மோட்டார்கள் நிறுத்தும் இடத்தில் மூன்று இளைஞர்கள் இருந்தார்கள். ஒருவன் பழைய கீபோர்டில் தாளம் போட்டான், ஒருவன் மடியில் உறுமியை வைத்திருந்தான். மதன்தான் பாடியவன். பகலில் டயர் கடையில் வேலை, மெலிந்த உடம்பு, குரல் மட்டும் உடம்புக்குப் பொருந்தாமல் கனமாக இருந்தது.

"சூப்பர்வைசர் சொல்றான் டுடுக் டியாம் லா,
அப்பா சொல்றாரு டுடுக் டியாம் லா,
சும்மாவே குந்தி வயசாச்சு லா,
எழுந்து நின்னா என்னாவும் லா?"

சும்மா உட்காரு என்பதை நம் ஊரில் எல்லாரும் மலாயில்தான் சொல்கிறோம், வாலில் ஒரு 'லா' சேர்த்து. அதட்டுகிற வார்த்தை அது. அதையே எடுத்துத் தாளமாக்கியிருந்தான். எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கொஞ்சம் கூச்சமும். எங்கள் வீட்டில் யாழ்ப்பாணத்து அப்பா, ஒவ்வொரு சொல்லையும் திருத்தமாக உச்சரித்துப் பேசுகிறவர். அவருக்கு இதைப் போட்டுக் காட்டினால் என்ன சொல்வார் என்று யோசித்தேன். பிறகு போட்டுக் காட்டவும் செய்தேன். "பாட்டோ சண்டையோ, பிள்ளை?" என்று மட்டும் கேட்டார்.

உனக்கு அந்தக் கூச்சமே இருந்ததில்லை. எஸ்டேட்டிலிருந்து டவுனுக்கு வந்த குடும்பம் உன்னுடையது. மதன் பேசிய தமிழ்தான் உன் அம்மா பேசிய தமிழ். திரும்பும்போது பாலத்தின் நடுவில் தலையை மட்டும் பின்னால் திருப்பி, "கேசட் போடப் போறேன்" என்றாய். யார் போடுவார்கள் என்று நான் கேட்டேன். "காது என்னா அடைச்சிருச்சா? நான்தான் போடப் போறேன்" என்றாய். அடுத்த மாதமே கிலாங் வேலையை விட்டாய்.

ஜெபப் பாட்டுகள் பதிவு செய்கிற ஒரு சின்ன ஸ்டுடியோவை ஞாயிறு மதியங்களில் பிடித்தாய். உறுமியை உள்ளே கொண்டுவந்தபோது ஸ்டுடியோ சொந்தக்காரர் பதறிப்போனார். தைப்பூசத்தில் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு ஏறுகிற கூட்டத்தில் அடிப்பதை அவர் பார்த்திருக்கிறார், தன் மைக் என்ன ஆகுமோ என்ற பயம். நீ மைக்கைக் கழற்றிக் கதவுக்கு வெளியே வைத்தாய், உறுமியை உள்ளே அடிக்கச் சொன்னாய். அந்த முழக்கம் எங்கோ தூரத்தில் ஊர்வலம் வருவது மாதிரி பதிவானது. ஸ்டுடியோக்காரரே ஹெட்போனைக் கழற்றாமல் திரும்பத் திரும்பக் கேட்டார்.

நான் அதைப் பற்றி என் பத்தியில் எழுத உட்கார்ந்தபோது புகழ்ந்து தள்ளினேன். நீ படித்துவிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தாய். "பாராட்டாத. அவனுங்க என்னா பாடுறானுங்கன்னு எழுது." இரண்டாம் முறை எழுதியதுதான் அச்சானது.

அதைப் படித்துவிட்டுத்தான் கோலாலம்பூரிலிருந்து அந்த விநியோகஸ்தர் வந்தார். நாடு முழுக்கக் கேசட் அனுப்புகிறவர், மரியாதையான மனிதர். அறையில் நாற்காலி போதாததால் மதனும் மற்ற இருவரும் சுவரோரமாக நின்றார்கள். பாட்டை முழுக்கக் கேட்டார், விரலால் தாளமும் போட்டார். பிறகு சொன்னார், "தம்பிங்க நல்லாத்தான் செய்யிறாங்க. இந்த டுடுக் டியாம், கிலாங், லா, இதெல்லாம் எடுத்துட்டு நல்ல தமிழ்ல திருப்பிப் பாடட்டும். ரெண்டு சினிமா மெட்டும் சேர்த்துக்குவோம். அடுத்த மாசமே ஊர் ஊரா அனுப்புறேன்."

மதனின் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். நீயும் பார்த்தாய்.

"ஐயா, பாட்டு கேட்டீங்களே, உங்களுக்குப் புரிஞ்சிச்சா?" என்று கேட்டாய்.

"புரிஞ்சிச்சி."

"இவனுங்க அம்மாவுக்கும் புரியுது. அப்போ யாருக்குப் புரியாதுன்னு மாத்தணும்?"

அவர் கோபப்படவில்லை. வியாபாரம் வேறு என்று பொறுமையாக விளக்கினார். நீ மூன்று பேரையும் பார்த்து, "பாட்டு உங்களுது. மாத்தணும்னா மாத்துங்க, நான் தடுக்க மாட்டேன். ஆனா நம்ம சத்தம்னு பேரு அதுல இருக்காது" என்றாய். கீபோர்டுக்காரனும் உறுமிக்காரனும் இப்படியே இருக்கட்டும் என்றார்கள். விநியோகஸ்தர் விடைபெற்றுப் போன பிறகு மதன் உன் பக்கம் திரும்பினான்.

"உங்களுக்கு இது ரோஷம்கா. எங்களுக்கு இதான் வாழ்க்கை."

படியிறங்கிப் போய்விட்டான். அதன் பிறகு அவன் வரவில்லை. அன்று நீ கீழே போய்த் தேநீர் வாங்கி ஆற்றிக்கொண்டே இருந்தாய், குடிக்கவில்லை. கடைசியில், "அவன் சொன்னது சரிதான். அதனாலதான் இத ஜெயிக்க வைக்கணும்" என்றாய்.

வானொலி நிலையத்துக்கு அனுப்பினோம். பாட்டின் மொழி ஒலிபரப்புக்கு ஏற்றதாக இல்லை என்று பதில் வந்தது. கடைகளில் வைத்தோம். சினிமா கேசட்டுகளுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டன. நான் தளர்ந்துபோனேன். நீ மட்டும் ஒரு பிற்பகல் பை நிறையக் கேசட்டுகளை எடுத்துக்கொண்டு என்னையும் பாயான் லெப்பாஸுக்கு இழுத்துப் போனாய். ஷிஃப்ட் மாறுகிற நேரம். செபராங் ஜெயாவிலிருந்தும் கூலிமிலிருந்தும் பெண்களை ஏற்றி வரும் கிலாங் பஸ்கள் வரிசையாக நின்றன. உனக்கு அந்த டிரைவர்கள் எல்லாரையும் தெரியும். எத்தனையோ வருடம் அந்த பஸ்களில் ஏறியவள் நீ.

"அண்ணே, இத வண்டியில போடுங்க. பிடிக்கலைன்னா தூக்கிப் போட்டுருங்க."

வயதான டிரைவர் ஒருவர் தயங்கினார். "புள்ளைங்க களைச்சிப் போய் வருதுங்கம்மா. இத சத்தமா போட்டா என்னைத் திட்டுங்க."

"திட்டட்டும்ணே. அப்பவாச்சும் கேட்டிருப்பாங்கல்ல."

அடுத்த வாரம் மறுபடி போனபோது அதே டிரைவர் நம்மைப் பார்த்ததும் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தார். "இன்னொண்ணு இருக்காம்மா? தேஞ்சி போச்சி" என்றார். அந்த டுடுக் டியாம் பாட்டைத்தான் திருப்பித் திருப்பிப் போடச் சொல்கிறார்களாம். நம் பிள்ளைகள் மட்டுமல்ல. "மலாய்க்காரப் புள்ளைங்க, சீனத்திங்க, எல்லாம் அந்த எடத்துல சேர்ந்து கத்துதுங்க. பஸ்ஸே ஆடுது."

எடுத்துவிடச் சொன்ன அதே வார்த்தைதான் பஸ் முழுவதையும் சேர்த்துப் பாட வைத்தது. நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். பையைத் திறந்து இன்னொரு கேசட்டை எடுத்து அவரிடம் நீட்டினாய். 'நான் சொன்னேனே' என்று சொல்லிவிடாமல் இருப்பதற்கு நீ எவ்வளவு பாடுபட்டாய் என்று எனக்குத்தான் தெரியும்.

பிறகு நடந்ததெல்லாம் வேகமாக நடந்தது. அந்தப் பெண்கள் நேயர் விருப்ப நிகழ்ச்சிக்குப் போன் போட்டுக் கேட்க ஆரம்பித்தார்கள். இல்லையென்று சொல்லிச் சொல்லி அறிவிப்பாளரே அலுத்துப்போயிருக்க வேண்டும். ஒரு மாலை அந்தப் பாட்டு வானொலியில் வந்தது, ஒரு வார்த்தைகூட மாறாமல். அன்று நாம் அறையில் அட்டை கத்தரித்துக்கொண்டிருந்தோம். பாதிப் பாட்டில் படியில் காலடிச் சத்தம் கேட்டது. மதன். டயர் கடை சட்டையோடு, கையெல்லாம் கறுப்போடு வந்திருந்தான். வரும் வழியில், சிக்னலில் தன் பக்கத்தில் நின்ற கிலாங் பஸ்ஸின் கேசட்டில் தன் குரலையே கேட்டிருக்கிறான். ஜன்னலோரப் பெண் ஒருத்தி அவன் யாரென்று தெரியாமலே அவனைப் பார்த்துப் பாடினாளாம்.

பாட்டு முடியும்வரை நின்றான். நீ நிமிர்ந்தும் பார்க்காமல், "கைய கழுவிட்டு வா. அட்டையில கறை படும்" என்றாய். அவன் கழுவிக்கொண்டு வந்து உன் பக்கத்தில் உட்கார்ந்தான். ஒரு கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டே, "அடுத்தது எப்பக்கா?" என்றான்.

அடுத்ததும் வந்தது, அதற்கடுத்ததும் வந்தது. ஈப்போவிலிருந்தும் கிள்ளானிலிருந்தும் பிள்ளைகள் அந்தப் படியேறி வந்தார்கள். அந்த விநியோகஸ்தரும் ஒரு நாள் வந்து, இருக்கிறபடியே கொடுங்கள் என்று வாங்கிப் போனார். கேசட்டின் காலம் முடிகிறவரை நீ அந்த அறையை விடவில்லை. உன் இறுதிச் சடங்கில் மதன் உறுமிக்காரனை அழைத்து வந்திருந்தான். நரைத்த தலையோடு இருவரும் உன் வாசலில் நின்றார்கள். தெருவே திரும்பிப் பார்க்கும்படி அடித்தார்கள். அழுகிறவர்களும் தாளத்துக்குக் கால் மாற்றி நின்றதைப் பார்த்தேன். நீ பார்த்திருந்தால் உனக்குப் பிடித்திருக்கும்.

நான் இன்னும் எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன். பிள்ளைகள் தங்கள் பாட்டுகளை எனக்குப் போனில் அனுப்புகிறார்கள். நான் எதையும் தனியாக வீட்டில் உட்கார்ந்து கேட்டு முடிவு செய்வதில்லை. அந்தப் பழக்கம் உன்னால் வந்தது. போன வாரம் பட்டர்வொர்த்துப் பெண் ஒருத்தி ஒரு பாட்டு அனுப்பினாள். கோபமான பாட்டு. பாதி வார்த்தை எனக்குப் பழக்கமில்லாதது. ஃபெர்ரியில் ஏறி, மீன் பையோடு உட்கார்ந்திருந்த ஓர் அம்மாவுக்குப் பக்கத்தில் இடம் பிடித்து, அதை மெதுவாகப் போட்டேன். அவர் கொஞ்ச நேரம் கடலைப் பார்த்தார். பிறகு என் போனைப் பார்த்தார்.

"யாரு பொண்ணு இது?" என்றார்.

"நம்ம பொண்ணுதான்" என்றேன்.

"சத்தமா வைம்மா."

வைத்தேன்.