ஈரச் சாக்கு

3.2.2008
பூதலூர் மில்லில் சம்பா நெல் குவிந்துவிட்டது. இனி ஞாயிறும் கிடையாது. நெல்லை மேலே ஏற்றும் எலிவேட்டரைத் தாண்டும்போது இன்னும் மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன். போன சம்பாவில் அதன் பேரிங் கொதித்து, தூசியில் தீப்பிடித்து, அதை ஓட்டிய தங்கையன் அண்ணன் செத்துப்போனது அங்கேதான். பெயருக்குத்தான் நான் பராமரிப்புப் பொறியாளர். அந்தத் தூணைத் தொடக்கூடப் பயம். இப்போது அங்கே நிற்பது அவர் மனைவி காளியம்மாளின் தம்பி இளையபெருமாள்.

5.2
முதலாளி கல்யாணராமன் ஒன்றுதான் வாங்கித் தருவாராம். சூட்டைப் படமாகக் காட்டும் கேமராவா, அதிர்வை அளக்கும் மீட்டரா? இதில் யோசிக்க என்ன இருக்கிறது? அண்ணனைக் கொன்றது சூடு. கேமராதான்.

6.2
அன்று, தீப்பிடிப்பதற்குக் கொஞ்சம் முன்னால், அண்ணனின் கை ஈரமாக இருந்தது. வேட்டியில் துடைத்துக்கொண்டே சிரித்தார். எதற்கு ஈரம்?

9.2
விற்பனைக்காரர் இரண்டையும் கொண்டுவந்தார். கேமராவில் பேரிங் நீலமாகத் தெரிந்தது. சூடே இல்லை. நிம்மதியில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஒப்புக்கு மீட்டரையும் வைத்தார் – எண் எகிறியது. கோளாறு என்று மறுபடி வைத்தார். அதே எண். ஒரு வருஷத்துக்குப் பிறகு முதல்முறையாக அந்தத் தூணில் நானே கையை வைத்தேன். தூண் அதிர்ந்துகொண்டிருந்தது.

கீழே தண்ணீர் சொட்டியிருந்தது. தூணுக்குப் பின்னால் நனைந்த கோணிச் சாக்கு. விற்பனைக்காரர் வருகிறார் என்று இளையபெருமாள் எடுத்து ஒளித்திருக்கிறான்.

"மாமா சொல்லிக்குடுத்ததுதான்க்கா. பேரிங் மேல ஈரச் சாக்கு போட்டா சூடு அடங்கி சாயங்காலம் வரைக்கும் ஓடும். மில்லு நின்னா கூலி இல்லையே."

அந்த ஈரம். ஐயோ, அண்ணே.

சுவிட்சை இறக்கினேன். கல்யாணராமன் ஓடிவந்தார். மில் இருப்பது அவர் தாத்தாவின் களத்தில். கூலி நெல்லை உயர்த்தச் சொல்லி என் அப்பா ஆட்களோடு உட்கார்ந்து அறுப்பை நிறுத்தியதும் அதே களத்தில்தான்.

"உங்கப்பா களத்த நிறுத்துனாரு. நீங்க மில்ல நிறுத்துறீங்க."

"நிக்கிற நாளுக்கும் கூலி குடுங்க சார். இல்லன்னா எத வாங்குனாலும் சாக்கு போடத்தான் செய்வாங்க."

விறுவிறுவென்று ஆபீஸ் அறைக்குப் போய்விட்டார்.

10.2
பேரிங்கைக் கழற்றினோம். உள்ளே ஒரு இரும்புக் குண்டு இரண்டாகப் பிளந்திருந்தது. இளையபெருமாள் அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தான். கல்யாணராமனும் வந்து பார்த்தார்.

14.2
மீட்டரே வாங்கச் சொல்லிவிட்டேன். நிற்கிற நாளுக்கான கூலி இன்னும் முடிவாகவில்லை. நேற்றும் அந்த ஈரக் கைதான் கனவில்.

17.3
காலையில் மீட்டரில் எண் ஏறியிருக்கிறது. மில்லை நிறுத்தியது நான் இல்லை, இளையபெருமாள். சுவிட்சை இறக்கிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டான். மில் நின்றும் சாயங்காலம் எல்லோருக்கும் முழுக் கூலி வந்தது.

காளியம்மாள் சாக்குகளைத் துவைத்துக் கம்பியில் போட்டிருந்தாள். தம்பியின் கூலியைக் கையில் வாங்கி வைத்திருந்தாள்.

"அவருக்கும் ஒரு நாள் இப்புடிக் குடுத்திருக்கலாம், அம்சா."

சாக்கைத் தொட்டுப் பார்த்தேன். காய்ந்திருந்தது.