கண் மூடியிருந்த நேரம்

மே 9

என்னங்க,

கடவுள் அருளால் இங்கே கீழே நலம். குடிநீர் பம்ப் ஹவுஸில் உங்களோடு வேலை பார்ப்பவருக்குத் தொற்று என்று நீங்கள் மாடி அறைக்குள் போய் இன்றோடு ஐந்து நாள். காலித் தட்டோடு வரும் சீட்டில் காய்ச்சல் அளவு மட்டும் இருக்கிறது. அதைத் தேதி போட்டு நோட்டில் எழுதிக்கொள்கிறேன். பக்கத்திலேயே என் தூக்கத்தையும்: முந்தாநாள் இரண்டு மணி நேரம், நேற்று ஒன்றரை. நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்கிறது. உப்பு சரியா என்றாவது ஒரு வரி எழுதக் கூடாதா?

உங்கள் மனைவி

மே 10

வீட்டுக்காரிக்கு,

உப்பு சரி.

தினமும் போனில் நம்மை விசாரிக்கும் சுகாதார நிலைய டாக்டரம்மா இன்று உன்னிடம் பேசியது, நீ ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் மாடிவரை கேட்டது. "மனசு விட்டுப் பேச வீட்ல ஆள் இருக்காங்களாம்மா?" என்றார். "இருக்காரு டாக்டர், நல்லாப் பேசுவாரு" என்றாய். நேற்று என்னிடமும் அதையேதான் கேட்டார். "யாரும் இல்லைங்க" என்று சொல்லிவிட்டேன்.

ஊரடங்கு போட்டதிலிருந்து நீ மணிக்கணக்கில் கண்ணை மூடிப் பிரார்த்தனையில் இருக்கிறாய். உனக்குச் சாமி போதும் என்று நினைத்தேன். கலைக்கக் கூடாதென்று செருப்பைக்கூடச் சத்தமில்லாமல் கழற்றினேன்.

உன் வீட்டுக்காரன்

மே 11, காலை

என்னங்க,

'யாரும் இல்லை' என்றதைப் படித்துவிட்டு அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். பன்னிரண்டு வருஷமாகக் குடித்தனம் நடத்துகிற நான் யாராம்?

உண்மையைச் சொல்கிறேன், கடவுள் மன்னிக்கட்டும். என் பிரார்த்தனை பத்து நிமிஷத்தில் முடிந்துவிடும். கண்ணைத் திறந்தால் நீங்கள் பேசாமல் கடந்துபோவதைப் பார்க்க வேண்டும். மூடியிருந்தால், கூப்பிடுவீர்களோ என்று காத்திருக்கலாம். நீங்களோ பூனை மாதிரி போய்விட்டீர்கள்.

டாக்டரம்மாவிடம் நான் சொன்னது பொய். அந்தப் பொய்யோடு இந்த வீட்டில் இருக்க முடியவில்லை. பஸ் ஓட ஆரம்பித்ததும் அக்கா வீட்டுக்குப் போகிறேன். கோபமில்லை. தூங்க வேண்டும், அவ்வளவுதான்.

உங்கள் மனைவி

மே 11, மாலை

இவளே,

போவதென்றால் நானே கொண்டுபோய் விடுகிறேன். தடுக்கமாட்டேன். நீ தூங்கினால் போதும்.

ஒன்று மட்டும். பம்ப் ஹவுஸில் மோட்டார் ஓடும்போது தனியாக அழுதிருக்கிறேன். அந்த இரைச்சலில் யாருக்கும் கேட்காது. எதற்கென்று உனக்கு எழுதப் பார்த்தேன். நாலு தாள் கிழிந்ததுதான் மிச்சம்.

நாற்காலியைக் கதவோரம் இழுத்துப் போட்டிருக்கிறேன். நீ அந்தப் பக்கம் படியில் உட்கார். கதவு மூடியே இருக்கட்டும். முகத்தைப் பார்க்காவிட்டால் எனக்குச் சொல்ல வரும். நடுவில் பேச்சு நின்றுபோனால், முடிந்துவிட்டதென்று எழுந்து போய்விடாதே.