சட்டை போட்ட மருந்து

நம்மூர் படப்பையில் பேசிக்கொள்வதுபோல நான் ஊசிக்குப் பயந்து ஆஸ்பத்திரியிலிருந்து ஓடிவரவில்லை. நடந்துதான் வந்தேன். ஷேர் ஆட்டோவுக்குக் காத்தும் நின்றேன். என் புற்றுநோய்க் கட்டிக்கென்று கம்பியில் மாட்டிய மருந்து சிவப்பாக இருந்தது. உங்களுக்கு ஏறிய அதே சிவப்பு. சம்மதப் படிவத்தை மடித்து எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன், அவ்வளவுதான்.

பக்கத்து வீட்டு மல்லிகா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "இன்னாக்கா, இவ்ளோ படிச்சிட்டு ஊசிக்குப் பயந்துகினு வந்துட்ட?" உங்களையும் அவள் விட்டுவைத்ததில்லை. "எண்ணெ இல்ல, பவுடர் இல்ல, அண்ணன் இன்னா சாமியாரா போவப்போவுதா?" ஒரகடம் கார் கம்பெனியில் பெயிண்ட் அடிக்கும் இடத்துக்குப் போகிறவர்கள் எதையும் பூசக்கூடாது. ஒரு துகள் ஒட்டினாலும் கதவு வீண். "கண்ணுக்குத் தெரியாததோடதாம்மா எனக்கு வேலையே" என்பீர்கள். ஞாயிறு காலை மட்டும்தான் உங்கள் தலையில் நான் எண்ணெய் வைக்க முடிந்தது.

மறுநாள் டாக்டர் பெண்ணிடம் போய் மூன்று முறை சொல்லவைத்தேன். பழைய மருந்துதான், சட்டை போட்டதுபோலக் கொழுப்புக் குமிழிக்குள் வைத்திருக்கிறார்கள். அந்தக் குமிழிகளை நூற்றுக்கணக்கில் அடுக்கினால்தான் ஒரு தலைமுடியின் தடிமன் வருமாம்.

"கட்டி எங்கே என்று அதற்குத் தெரியுமா?"

"தெரியாதும்மா. கட்டியில இருக்கற ரத்தக்குழாய் அரைகுறையா வளர்ந்தது, ஓட்டை ஓட்டையா இருக்கும். அது வழியா நழுவி உள்ள தங்கிடும். இதயத்துல அவ்வளவா நுழையாது."

"எல்லாமே போய்ச் சேருமா?"

"சேராது. கொஞ்சம்தான் சேரும். ஈரலுக்கு, உள்ளங்கைக்குக்கூடப் போகும்."

மழுப்பாமல் சொன்னாள். கையெழுத்திட்டேன்.

நேற்று மருந்து ஏறியது. கண்ணை மூடினேன். தலைவரை மூடிய வெள்ளை உடையில் உங்கள் பெயிண்ட் ஷிப்ட் ஆட்கள் வரிசையாக, ஓசையில்லாமல் என் இதயத்தைக் கடந்து போனார்கள். நீங்களும் போனீர்கள். நிற்கவில்லை.

உங்களுக்கு மருந்து ஏற்றும் முன், அன்று உங்கள் படிவத்தை நான்தான் உரக்கப் படித்தேன். கான்வென்ட் ஆங்கிலம், வார்டே திரும்பிப் பார்த்தது. இதயத்தைப் பற்றியது என்று பிறகுதான் தெரிந்த ஒரு நீளமான சொல் வந்தது. பிசகாமல் உச்சரித்தேன். பொருள் தெரியாது. கேட்கக் கௌரவம் இடம் தரவில்லை. "நீ படிச்சா சரியாத்தான் இருக்கும்" என்று கையெழுத்துப் போட்டீர்கள். கட்டி கரைந்தது. இதயம் தளர்ந்து, அதிலேயே போய்விட்டீர்கள். கேட்டிருந்தால் வேறு வழி சொல்லியிருப்பார்களோ என்னவோ. கேட்காத அந்தக் கேள்வியோடுதான் இருக்கிறேன்.

எனக்குப் புரியவில்லை என்று அப்போதே உங்களுக்குத் தெரியுமா? கனவில் வந்து தலையாட்டினால் ஏற்க மாட்டேன். எழுத்தில் பதில் போடுங்கள்.