சீட்டிக்கு வந்த பதில்

அம்மா, உன் கைகளில் முத்தமிட்டு செவெரியானோ எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன். உன் முழங்கால் வலி தேவலையா? அப்பா இந்த வருஷமும் காப்பிப்பழம் பறிக்க மலையேறுகிறாரா?

ஞாயிற்றுக்கிழமை என்னோடு வேலை செய்யும் ஹொண்டுராஸ்காரர் ரிகோபெர்த்தோ தன் வேனில் என்னைக் கடற்கரைக்கு அழைத்துப்போனார். சும்மா ஊர் சுற்றத்தான் என்று வைத்துக்கொள். வழியெல்லாம் மேப்பிள் இலைகள் மஞ்சளாகி உதிர்ந்துகொண்டிருந்தன. காடு பாறை விளிம்புவரை வந்து அப்படியே கடலில் முடிகிறது. தம்பி பிளாசிதோ பூக்கடைகளுக்குத் தழை பறிக்கப் போய்த் திரும்பாத காடு அதுதான்.

வண்டியை நிறுத்தச் சொல்லி, நம் மலையில் ஒருவரையொருவர் கூப்பிடுவதுபோல அவன் பெயரைச் சீட்டியடித்தேன்.

"ஏம்ப்பா, உங்க ஊர்ல பேரைக்கூட சீட்டியிலதான் கூப்பிடுவீங்களா? நாய்தான் ஓடி வரும்" என்று ரிகோபெர்த்தோ சிரித்தார்.

"எங்கம்மா காதுல விழுந்தா, யாரு யாரைக் கூப்பிடுறான்னு சொல்லிடுவா" என்றேன்.

அப்போது காட்டுக்குள்ளிருந்து நீளமாக ஒரு சீட்டி வந்தது. சிரித்தவர்தான் எனக்கு முன்னால் ஓடினார். முள்ளிலும் சேற்றிலும் விழுந்து எழுந்து போய்ப் பார்த்தால், கிளையில் ஒரு பறவை. நான் கூப்பிடக் கூப்பிட அதுவும் பதில் சொல்லிக்கொண்டே இருந்தது. திரும்பும்போது ரிகோபெர்த்தோ இரண்டு முறை வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினார். களைப்பு, வேறொன்றுமில்லை.

காய்ந்த மிளகாய் கொஞ்சம் அனுப்பு, இங்கே கிடைப்பதில் காரமே இல்லை. கூடவே தம்பி சிரிக்கிற படம் ஒன்று வை. போலீஸில் கேட்கிறார்கள், பல் நன்றாகத் தெரிய வேண்டுமாம். வேலைக்கு வேன் வந்துவிட்டது. அவன் கல்யாணப் படம் வேண்டாம் அம்மா, அதில் வாயை மூடிக்கொண்டிருக்கிறான்.

செவெரியானோ