இது இவங்க போட்டோ இல்ல

4 பிப்ரவரி 2024, ஞாயிறு

மிக்காயேல் துலூஸிலிருந்து கூப்பிட்டார். ஒரேலி வழக்கம்போல் கேமராவை அணைத்துவிட்டுத்தான் அப்பாவிடம் பேசினாள். நெட் ஸ்லோவாம். அதே நெட்டில் எனக்கு அவர் சட்டைப் பொத்தான்கூடத் தெளிவாகத் தெரிந்தது. பதினாறு வயது, விட்டுவிட்டேன்.

பள்ளிக் கவுன்சிலர் சரிதா பெற்றோருக்கு ஒரு தாள் அனுப்பியிருக்கிறார். பிள்ளைகளும் சமூக ஊடகமும். 'நாளொன்றுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் போனால் ஆபத்து.' யாரிடம் அளந்தார்கள், எத்தனை பேர், எது காரணம் எது விளைவு — ஒன்றும் இல்லை. இருபத்து மூன்று வருடமாகப் புள்ளியியல் நடத்துகிறவளிடம் இப்படியொரு தாள். மடித்து, ஆடுகிற மேசைக்காலுக்குக் கீழே வைத்தேன்.

ஒரேலியின் பிரெஞ்சு பாஸ்போர்ட் மே மாதம் முடிகிறது. புதுப்பித்தால்தான் ஜூலையில் அப்பாவிடம் போக முடியும். துணைத் தூதரகத்தில் 22ஆம் தேதிக்கு நேரம் கிடைத்திருக்கிறது. போட்டோவைத் தானே பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள். பொறுப்பு வந்துவிட்டதென்று நினைத்துக்கொண்டேன்.

14 பிப்ரவரி, சாம்பல் புதன்

கோயிலில் ஸ்டெல்லாமேரி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பள்ளித் தோழி, இப்போது வைத்திக்குப்பத்தில் இருக்கிறாள். ஒரேலியின் மாஸ்க்கைப் பார்த்து, "இவ மூஞ்சியப் பாத்து ஒரு வருஷம் ஆவுது ஜெர்மேன். மீச கீச வளக்கறாளா?" என்றாள். நான் சிரித்துவிட்டேன். ஒரேலி சிரிக்கவில்லை. "சாம்பல் பூச நெத்தி தெரிஞ்சா போதும் ஆன்ட்டி."

கொரோனா போய் எவ்வளவு நாளாயிற்று. தூசி ஒத்துக்கொள்ளவில்லை என்கிறாள்.

எங்கள் பள்ளி நாட்களில் சாயங்காலம்வரை சாம்பல் அழியாமல் யார் வைத்திருக்கிறார்கள் என்று போட்டி. ஸ்டெல்லா வேர்வையைக்கூடத் துடைக்கமாட்டாள்.

22 பிப்ரவரி, வியாழன்

துணைத் தூதரகத்துக்குப் போனோம்.

கவுண்டரில் இருந்தவர் போட்டோவைப் பார்த்தார். ஒரேலியை மாஸ்க்கைக் கழற்றச் சொன்னார். கழற்ற வெகுநேரம் பிடித்தது. மறுபடி போட்டோவைப் பார்த்தார். குரலை உயர்த்தவேயில்லை. "மதாம், இது இவங்க போட்டோ இல்ல."

அப்போதுதான் நானும் பார்த்தேன். கண் பெரிதாக, மூக்கு ஒடுங்கி, தாடை கூராக, நிறம் வெளுத்து. இடது கன்னத்து அம்மைத் தழும்பு இல்லை. நான் ராவெல்லாம் உட்கார்ந்து வேப்பிலை தடவிய கன்னம்.

அந்தப் படத்தை உறையில் போட்டவள் நான். அவருக்கு அரை நிமிடம் போதுமாக இருந்தது. எனக்கு?

வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவள் ஓடிவிட்டாள். வெளியே ஸ்கூட்டர் பக்கத்தில் ஹெல்மெட்டை மாட்டி, அதன் கண்ணாடியையும் இறக்கிவிட்டு, அந்த வெயிலில் நின்றிருந்தாள்.

23 பிப்ரவரி

பள்ளிக்குப் போகவில்லை. மூன்று வேளையும் தட்டு அப்படியே திரும்பி வந்தது.

25 பிப்ரவரி, ஞாயிறு

பேசினாள். துணி மடித்துக்கொண்டிருந்தேன், என் முகத்தைப் பார்க்காமல் பேசினாள்.

கூடப் படிக்கும் யாரோ நெட்டில் ஒரு பக்கம் நடத்துகிறார்களாம். இரண்டு பெண்களின் படத்தைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டு ஓட்டுக் கேட்பார்கள். போன வருடம் இவள் படம். அதற்குப் பிறகு தன் படத்தைத் திருத்தாமல் போடுவதில்லை. ஒரு படத்துக்கு இரண்டு மணி நேரம். நெட்டில் அவளைப் பின்தொடரும் எழுநூறு பேருக்கு அந்த முகம்தான் தெரியும். "அவங்கள்ல யாராவது ரோட்டுல என்னப் பாத்துட்டா?" அதற்குத்தான் மாஸ்க். தூசிக்கு இல்லை.

போனைக் கொடு என்றேன். கொடுத்தாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். எங்க காலத்துல இதெல்லாம் கெடையாது என்றும் சொன்னேன்.

"அப்ப உன் காலத்துக்கே போயிடு மம்மி." எழுந்து போனவள் கதவருகில் நின்று, சாதாரணமாக, கடைக்குப் போகிறேன் என்பதுபோல் சொன்னாள்: "சில நாள் தூங்கனா எழுந்திரிக்கவே கூடாதுன்னு இருக்கும்."

மேசைக்கால் அடியிலிருந்து அந்தத் தாளை உருவினேன். கீழே சரிதாவின் நம்பர் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை என்றுகூட யோசிக்கவில்லை. இரண்டாவது மணியிலேயே எடுத்தார்.

28 பிப்ரவரி, புதன்

சரிதா அவளோடு தனியாகப் பேசினார். மனநல மருத்துவரிடம் வெள்ளிக்கிழமைக்கு நேரம் வாங்கிக் கொடுத்திருக்கிறார். என்னிடம் சொன்னது கொஞ்சம்தான். "போனப் புடுங்காதீங்க மேடம். கூட உக்காருங்க."

போனைத் திருப்பிக் கொடுத்தேன். கூடவும் உட்கார்ந்தேன்.

2 மார்ச், சனி

அவளுடைய பிறப்புப் பதிவுத் தாளைத் தேடினேன். என் பப்பாவின் தகரப்பெட்டியில் எங்கள் வகுப்புப் படம் இருந்தது. 1991, நோணாங்குப்பம் ஆற்றங்கரை, இன்பச்சுற்றுலா. படம் கழுவி வரப் பத்து நாள் காத்திருந்தோம். தினமும் வந்துவிட்டதா என்று கேட்டு சிஸ்டரை நச்சரித்தோம். எலுமிச்சைச் சாதத்தில் மணல், காற்றில் பறக்கும் ரிப்பன்கள், ஸ்டெல்லாவின் செருப்பு தண்ணீரில் போனது — எல்லாம் நினைவிருக்கிறது.

இரண்டாவது வரிசையில் நான்காவது ஆளுக்கு முகம் இல்லை. குண்டூசியால் சுரண்டி எடுத்திருக்கிறது, வெள்ளைத்தாள் தெரியும்வரை.

அது நான். என் கைதான்.

ஸ்டெல்லாவின் அண்ணன் என்னைத் தேங்காய்த்துருவி என்று கூப்பிடுவான், பல்லைப் பார்த்து. தெருவில் அவன் சைக்கிள் மணி கேட்டால் வாயை மூடிக்கொள்வேன். இத்தனை வருடத்தில் ஒருமுறைகூட இது ஞாபகம் வரவில்லை. செருப்பு ஞாபகம் இருக்கிறது, குண்டூசி இல்லை. எங்கள் காலத்தில் இதெல்லாம் கிடையாது!

வித்தியாசம் உண்டு. எனக்கு ஒரு தெரு, ஒரு சைக்கிள் மணி. வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தினால் முடிந்தது. அவளுக்குச் சாத்தக் கதவில்லை.

3 மார்ச், ஞாயிறு

ஸ்டெல்லாவிடம் அவள் பிரதி பத்திரமாக இருந்தது. வாட்ஸாப்பில் அனுப்பினாள். முப்பத்து மூன்று வருடம் கழித்து அந்த முகத்தைப் பார்த்தேன். சிரித்துக்கொண்டிருக்கிறது, கண் இடுங்க.

இரண்டையும் ஒரேலியின் மடியில் வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். போனில் பெரிதாக்கினாள். வெகுநேரம் பார்த்தாள்.

"எங்க மம்மி பல்லு?"

"நல்லா பாரு."

"பாத்துட்டுதான் கேக்கறேன்." பிறகு சுரண்டிய இடத்தை விரலால் தடவினாள். "ரொம்ப ஆழமா கீறிருக்க."

இதனால் எதுவும் நிரூபணமாகவில்லை. ஒரே ஒரு மாதிரியை வைத்து முடிவுக்கு வரக்கூடாது. ஆனால் ராத்திரி சாப்பாட்டுத் தட்டு காலியாக வந்தது.

9 மார்ச், சனி

முதலியார்பேட்டை, மதிவாணன் ஸ்டுடியோ. இரண்டு தடவை வாசல்வரை போய்த் திரும்பினோம். மூன்றாவது தடவை என்னை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு அவள் மட்டும் உள்ளே போனாள். மதிவாணன் பழக்கத்தில், தழும்ப எடுத்துடட்டுமாம்மா என்று கேட்பது வாசலில் கேட்டது.



"வேணாம். எடுத்தா வாங்கமாட்டாங்க."

21 மார்ச், வியாழன்

கவுண்டரில் வேறொருவர். படத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், அடுத்த தாளைக் கேட்டார். அவ்வளவுதான்.

மருத்துவர் இன்னும் பல மாதம் ஆகும் என்கிறார். அந்தப் பக்கத்தை இன்னும் திறந்து பார்க்கிறாள், தெரியும். திங்கள், செவ்வாய் மாஸ்க் போட்டுக்கொண்டுதான் பள்ளிக்குப் போனாள்.

செவ்வாய் சாயங்காலம் அதைத் துவைத்துக் கொடியில் போட்டேன். எப்போதோ காய்ந்துவிட்டது. நேற்றும் இன்றும் அங்கேயே தொங்குகிறது. நான் எடுத்து மடிக்கப் போவதில்லை.